கொயினாத் தண்ணியும் கோயில் மணியும்

இதை எழுத இருபது வருடங்களுக்கு மேல் தயங்கினேன். தயக்கத்துக்குக் காரணம் என் மாமனார். நான் ஓர் அற்புத மருந்து கொடுத்தவன் என்ற பெயருக்காகவே அவர் தம் மகளை எனக்குக் கட்டித் தந்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்த மருந்தில் அற்புதம் எதுவும் இல்லை, அதை நான் கொடுத்திருக்கவும் கூடாது என்று எழுதினால் பெண்ணைத் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்த வயது ஒன்று இருந்தது. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள். பயம் போய்க் கூச்சம் வந்தது. போன மாசியில் அவர் சிவபதம் அடைந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது. முருகனைக் கும்பிட்டு இப்போது எழுதத் தொடங்குகிறேன்.

மருந்துக்கடைகளிலும் ஆஸ்பத்திரி மருந்தறைகளிலும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் உங்களைப்போல் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியவன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மருந்து கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினேன். ஆகவே மருந்துகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் என்றோ ஒருநாள் ஊருக்குள் ஒரு புதுக் காய்ச்சல் வரும். அதற்கு மருந்து இராது. அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும் பழைய போத்தல் ஒன்று உங்களைப் பார்த்துக் கண் சிமிட்டும். அந்த நாளுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு அந்த நாள் ஐம்பத்தேழாம் ஆண்டு வந்தது. யாழ்ப்பாணத்து இணுவிலில், ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் நடத்திய டிஸ்பென்சரியில் நான் வேலை செய்தேன். அப்போதிக்கரி என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. டொக்டர் படிப்பில் பாதியைப் படித்து, டொக்டர் வேலையில் முழுவதையும் செய்தவர்கள் அவர்கள். அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மேலே இருந்தே கோபிப்பார்.

மகளின் பிரசவத்துக்காக அவர் கொழும்புக்குப் புறப்பட்டபோது காய்ச்சல் கொழும்பில் கால் வைத்துவிட்டது. கப்பலில் வந்த காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டே எனக்குச் சொன்னார்:

"எப்பிடியும் இஞ்சையும் வரும். இது வைரஸ் எண்ட கிருமி. இதுக்கு எங்களிட்டை மருந்து இல்லை. காய்ச்சல் குளிசையைக் குடு, கஞ்சி குடிச்சுப்போட்டுப் படுக்கச் சொல்லு. மூச்சு முட்டினால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு. வேறை ஒண்டும் செய்யாதை."

வேறை ஒண்டும் செய்யாதை. நம் தொழிலில் இதைப்போலக் கடினமான கட்டளை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். அந்நாளில் டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதில் மருந்தை ஊற்றி, கடுதாசியை வெட்டி அளவுக்கோடாக ஒட்டிக் கொடுப்போம். காய்ச்சல் ஊருக்குள் வந்த முதல் நாளே மேசையில் வெறும் போத்தல்கள் வரிசையாக நின்றன. நான் குளிசைகளை எண்ணிக் கொடுத்தேன். ஒருவரும் எழும்பவில்லை.

"தம்பி, போத்தலைக் கவனிக்கேல்லைப் போலை."

"குளிசை தந்திட்டன் தானே, அம்மா."

"குளிசை கைக்கு. போத்தலுக்கு?"

வெறும் போத்தலோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது, விருந்துக்கு வந்தவரின் இலையை வெறுமையாக விட்டு எழுப்புவதுபோல. இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன்.

மூன்றாம் நாள் கந்தையா அண்ணை வந்தார். அவருக்கு இங்கே வெங்காயத் தோட்டம், தெற்கே வன்னிக் காட்டோரம் நெல் வயல். போர்வையைச் சுற்றிக்கொண்டு நீட்டு மர வாங்கில் உட்கார்ந்து அவர் நடுங்கிய நடுக்கத்தில் வாங்கும் சேர்ந்து ஆடியது. அதே வாங்கில் இருந்த மற்றவர்கள், தங்களுக்கும் நடுக்கம் பிடித்துவிட்டது என்று எழும்பிவிட்டார்கள்.

"தம்பி, உந்தக் குளிசையளை விடும். மேல் தட்டிலை கொயினாத் தண்ணி கிடக்குதெல்லே, அதை ஊத்தும்."

"அது மலேரியாவுக்கு, அண்ணை."

"காய்ச்சல் எண்டால் காய்ச்சல் தானே. ஊத்தும் எண்டுறன்."

ஊற்றினேன். மறுநாளே, அதாவது நான்காம் நாள், அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அவருக்கு முன்னர் படுத்தவர்கள் எல்லாரும் இன்னும் பாயில் கிடந்தார்கள். நான் அன்றைக்கே அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என்ன கேள்வி என்பதை அது வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. அப்போதிக்கரி ஐயாவுக்குத் தந்தி அடிக்கலாம் என்று நினைத்தேன். அடித்தால் என்ன பதில் வரும் என்று தெரிந்தபடியால் அடிக்கவில்லை. அவரைக் கேட்கப் பயந்து முருகனைக் கேட்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரேமாதிரி மடித்துச் சுவாமிக்கு முன்னால் வைத்து, குருக்களை ஒன்றை எடுக்கச் சொல்லுவோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

வெள்ளை வந்தது.

கோயிலின் பெரிய மணி அன்று தரையில் இருந்தது. தேர்த் திருவிழா நெருங்கியதால் மணிக்கோபுரத்தைத் திருத்த மணியை இறக்கிச் சாக்கால் மூடி, மடைப்பள்ளிச் சுவரோடு வைத்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து வந்த போத்தல்கள் எல்லாம் நிறைந்தன. சனங்களின் முகமும் நிறைந்தது. இரண்டாம் நாள் ஒரு அம்மா வந்தார்.

"தம்பி, கோயில் மணி கேக்குது."

"மணியை இறக்கி வைச்சிருக்கினம், அம்மா."

"அதைத்தானே சொல்லுறன். இறக்கி வைச்ச மணி கேக்குது!"

பொழுதுபடுவதற்குள் இன்னும் ஐந்தாறு பேருக்குக் கேட்டுவிட்டது. இரண்டு பேர் கோயிலுக்கே ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். மணி பேசாமல் இருந்தது. ஆனால் குனிந்து பார்த்த இருவருக்கும் அது கணகணவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாள் எனக்கும் காய்ச்சல் காய்ந்தது. நானும் குடித்தேன். மத்தியானம் மருந்து கலந்துகொண்டு நின்றபோது இரண்டு காதிலும் மணி கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். எட்டாம் வகுப்புப் படித்த இந்தப் பாவியையும் முருகன் கூப்பிடுகிறானே என்று அழுதேன்.

அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வாங்கில் இருந்தவர்களுக்குச் சொன்னேன்: "மணி கேட்டால் மருந்து பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம்."

என் வாழ்நாளில் நான் விட்ட ஆகப் பெரிய பிழை அந்த ஒரு வசனம். மணி கேட்டவர்கள் கைகூப்பினார்கள். கேட்காதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரே வளவில் இருந்த மச்சாள்மார் இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள்.

"இவவுக்கு ரெண்டு காதிலையும் கேக்குதாம். எனக்கு வலக் காதிலை மட்டும்தான். ஏன் தம்பி இந்த ஓரவஞ்சனை?"

"அவ வெள்ளிக்கிழமையும் மீன் திண்டிருப்பா, தம்பி."

"ஆர், நானோ? நீ போன வெள்ளி..."

இரண்டு பேரையும் பிரித்துவைத்து, ஒரு காதுக்காரிக்கு அளவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். இப்படிப் பலருக்குக் கூட்டினேன். யார் யாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு கொப்பியில் பெயர் எழுதி, மணி கேட்டவர்களின் பெயருக்கு நேரே ஒரு சின்ன மணியும் கீறினேன். பக்கம் பக்கமாக மணிகள்.

குருக்களுக்கும் காய்ச்சல் வந்தது. அவர் ஆசாரம் பார்ப்பவர். பிறத்தியார் கலந்த தண்ணீர் வாயில் படக்கூடாது என்று சொல்லி, மல்லித் தண்ணீரோடு படுத்திருந்து ஐந்தாம் நாள் எழும்பிப் பூசைக்குப் போனார். என் மருந்து குடித்தவர்களும் ஐந்தாம் நாள் எழும்பினார்கள். நான் யோசித்தேனா? அவருக்குப் பூசை, எங்களுக்குக் கொயினா என்று பிரித்துவைத்துவிட்டு அடுத்த போத்தலை எடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பக்கத்து ஊரான திருநெல்வேலியிலிருந்து ஒரு பெரியவர் குடையும் போத்தலுமாக வந்தார்.

"காய்ச்சலோ, ஐயா?"

"இல்லை."

"இருமல், தடிமன்?"

"ஒண்டுமில்லை. நல்ல சுகம்."

"அப்ப என்ன வேணும்?"

"மணி கேக்க வேணும்."

"வருத்தமில்லாத ஆளுக்கு நான் மருந்து தரமாட்டன், ஐயா."

"அப்ப வருத்தம் வருமட்டும் இந்தக் கதிரையிலை இருக்கிறன்."

இருந்தார். ஒரு மணித்தியாலம் குடையைப் பிடித்துக்கொண்டு, நோய் நொடி ஏதும் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகமான மனிதருக்குக் கொயினா கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய போத்தலில் வெறும் ஓமத் தண்ணீரை ஊற்றி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார்.

"கேட்டது, தம்பி. கணீரெண்டு கேட்டது."

நான் திகைத்துப்போனேன். அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஓமத் தண்ணீருக்கே மணி அடிக்கிற முருகன் கொயினாவுக்கு அடிக்கமாட்டாரோ என்று நினைத்தேன். பெரியவர் என் ஊர், சாதகம், தகப்பன் பெயர் எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். அவர்தான் பிறகு என் மாமனார்.

பகிடி அன்றோடு முடிந்தது. அன்று பின்னேரம் பாக்கியம் அக்கா வந்தார்.

பாக்கியம் அக்காவின் புருஷன் நாதஸ்வர வித்துவான். எங்கள் ஊர் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போனது. ஆனாலும் தேருக்குத் தலைமை நாதஸ்வரம் வாசிக்க இந்தியாவிலிருந்து ஆள் கூப்பிடுவதே எங்கள் கோயில் வழக்கமாக இருந்தது. அந்த வருடந்தான் முதல்முறையாக, ஊரவர் கெஞ்சி மன்றாடியதில், அந்த இடத்தை ஊர் வித்துவானான இவருக்குக் கொடுத்திருந்தார்கள். நன்றாக வாசித்தால் வருடாவருடம் அவர். பிசகினால் அவருக்கும் இல்லை, அவருக்குப் பின்னால் ஊரில் ஒருவருக்கும் இல்லை. தேருக்குப் பதினொரு நாள் இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. கெதியாக எழும்ப வேண்டும் என்று மூன்று நேர மருந்தை ஐந்து நேரமாகக் குடித்திருக்கிறார். கேட்ட போதெல்லாம் நானும் போத்தலை நிரப்பியிருக்கிறேன்.

"எங்கை அவன், மணிக்காரன்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா படியேறினார். பின்னால் வித்துவான் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"என்னக்கா?"

"இவர் ஒத்துக்காரனுக்கு அடிச்சுப்போட்டார்." ஒத்து என்பது நாதஸ்வரத்துக்குப் பின்னால் சுருதிக்காக விடாமல் ஊதும் குழல்.

"ஏனக்கா?"

"ஒத்து ஊதேல்லை எண்டு. அவன் பாவம், ரெண்டு கன்னமும் பூசணிக்காயாய் வீங்க ஊதிக்கொண்டு நிக்கிறான். இவருக்கு அது கேக்கேல்லை. ஙீ எண்டு வேறை என்னவோ கேக்குதாம். அதோடை சுருதி சேக்கிறாராம். உம்மடை கண்டறியாத மணிக்கு இவர் நாதஸ்வரம் வாசிக்கிறார். கேக்கிற எங்களுக்குப் பல்லுக் கூசுது!"

"அது முருகன்ரை மணி, அக்கா..."

"முருகன் சுருதி பிசகி மணி அடிப்பாரே?"

வித்துவான் மெல்ல என் பக்கம் வந்தார்.

"தம்பி, சாப்பாடு இல்லாமல் எத்தினை நாளும் இருந்திடுவன். காது இல்லாமல் நான் ஒண்டுமில்லை. இது போயிடுமோ?"

"எனக்குத் தெரியாது, அண்ணை" என்றேன். காய்ச்சல் தொடங்கியதிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது.

அந்த நேரம் பார்த்துக் கந்தையா அண்ணை போத்தலும் கையுமாக உள்ளே வந்தார்.

"தம்பி, வன்னிக்குப் போறன். ஒரு போத்தல் ஊத்தித் தாரும். கையிலை இருந்தால் நல்லம்."

"இந்தப் புதுக் காய்ச்சல் ஒருக்கா வந்தால் உடனை திரும்பி வராதாம், அண்ணை."

"எனக்கெங்கை புதுக் காய்ச்சல் வந்தது? எனக்கு வாறது வன்னிக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கும். வயலுக்குப் போய் வந்தால் கூடவே வரும். எத்தினை வருஷமாய்க் கொயினா குடிச்சு மாத்திறன்."

"அண்ணை, நீங்கள் அதைச் சொல்லேல்லையே!"

"நீர் கேக்கேல்லையே."

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: "எங்கையிருந்து வாறியள், அண்ணை?" அவருக்கு வந்தது நுளம்பு கொண்டுவரும் மலேரியா. அதற்குக் கொயினா உண்மையாகவே மருந்து. புதுக் காய்ச்சலின் கிருமி வேறு. அதைக் கொயினா தொடவும் இல்லை. பழைய நோயில் சுகமான ஒருவரைக் காட்டி, ஒரு ஊர் முழுவதற்கும் புது நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் தந்தி அடித்தேன்.

அடுத்த நாளே அப்போதிக்கரி ஐயா ரயிலேறி வந்துவிட்டார். வீட்டுக்குப் போகாமல், பெட்டியோடு டிஸ்பென்சரிக்குள் வந்து என் கொப்பியை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பார்த்தார்.

"இதென்ன, கத்தரிக்காயோ?"

"மணி, ஐயா."

கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். பிறகு முகம் மாறிக் கேட்டார்: "பிள்ளைத்தாய்ச்சி ஆருக்கும் குடுத்தனியோ?"

"இல்லை, ஐயா."

"வடிவாய் யோசிச்சுச் சொல்லு. கொயினா கருவைக் கலைச்சுப்போடும்."

பெயர் பெயராகப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. அது என் கெட்டித்தனம் அல்ல, தெய்வச் செயல். அதற்குப் பிறகுதான் அவர் கதிரையில் இருந்தார். அடுத்த கேள்வி: "மணி கேட்டுது, சுகம் வந்திடும் எண்டு சொல்லிக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட ஆரும் வீட்டிலை கிடக்கினமோ?" ஒருவர் கிடந்தார். அன்றைக்கே அவரைக் காரில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். அவர் வந்து படியேறும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் என்ரை எண்ணத்துக்குக் குடுக்கேல்லை, ஐயா. பூக்கட்டிப் பாத்துத்தான் குடுத்தனான்."

"முருகனிட்டை என்ன கேட்டனி?"

"குடுக்கலாமோ எண்டு."

"ஆருக்கு, எவ்வளவு, எத்தினை நாளைக்கு எண்டு கேட்டனியோ?"

"இல்லை, ஐயா."

"அப்ப முருகனிலை பிழை இல்லை."

"எல்லாரும் சுகமாயிட்டினம் தானே, ஐயா?"

"குருக்கள் குடிச்சவரோ?"

"இல்லை."

"எத்தினையாம் நாள் எழும்பினவர்?"

"அஞ்சாம் நாள்."

"உன்ரை மணிக்காரர்?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சாம் நாள்" என்றேன்.

அவர் அலுமாரியிலிருந்து தடித்த மருந்துப் புத்தகத்தை எடுத்து, கொயினாப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார். காதில் இரைச்சல், அளவு கூடினால் காது மந்தம், கண் மங்கல். முருகன் அடித்த மணி இங்கிலீஷில் ஒரு வரியாக அங்கே கிடந்தது. அந்தப் புத்தகத்தை நான் கிழமைக்கு ஒருமுறை தூசு தட்டுகிறவன்.

"பழைய மருந்திலை பெரிய நன்மை ஒண்டு இருக்கு" என்றார். "அதின்ரை குற்றமெல்லாம் ஆரோ முந்தியே பட்டு, எழுதி வைச்சிருக்கினம். நீ அந்த நன்மையை விட்டிட்டுப் போத்தலை மட்டும் எடுத்தனி."

பிறகு என்னைச் சைக்கிளில் ஏற்றிவிட்டார். வீடு வீடாகப் போய் மருந்தைத் திருப்பி எடுக்க வேண்டும், ஏன் எடுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வீட்டுப் படலையில் "நான் பிழை விட்டிட்டன்" என்ற மூன்று சொல்லைச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. பத்தாம் வீட்டில் தேவாரம்போலத் தானாக வந்தது. கொடுப்பதைவிடத் திருப்பி எடுப்பது கஷ்டம். "முருகன் தந்ததை எடுக்க நீர் ஆர்?" என்று ஒருவர் போத்தலைச் சாமியறைக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு காதுக்காரி மட்டும் மச்சாளைப் பார்த்து, "எனக்குப் பாதி நட்டம்தான், உனக்கு முழு நட்டம்" என்று சந்தோஷமாகத் தந்தாள். எல்லாவற்றையும் டிஸ்பென்சரியின் பின்பக்கத்து வாழைகளுக்கு ஊற்றினேன். அந்த வாழைகளுக்கு மலேரியா வரவில்லை என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியும்.

வித்துவானின் காதைத் திருப்பி எடுக்க வழியில்லை. "நிப்பாட்டினால் மெல்ல மெல்லப் போகும். பெரும்பாலும் போகும்" என்றார் அப்போதிக்கரி ஐயா. அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை நெஞ்சில் சுமந்துகொண்டு நான் ஒவ்வொரு நாளும் வித்துவான் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஒத்துக்காரர் முற்றத்தின் மறுகரையில் நின்று ஊதுவார். கேட்டால் வித்துவான் கையை உயர்த்த வேண்டும். முதல் நாள் கை உயரவில்லை. இரண்டாம் நாள் ஊதாத நேரத்தில் உயர்ந்தது. ஒத்துக்காரர் அழுதுவிட்டார். நான் காவடி நேர்ந்தேன். பாக்கியம் அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, "உம்மிலை உள்ள அன்பிலை தரேல்லை. நீர் இஞ்சை மயங்கி விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்றார். தேருக்கு இரண்டு நாள் முன்னால், ஊதும்போது கை உயர்ந்தது, நிறுத்தும்போது இறங்கியது. ஆனாலும் அடியில் ஒரு சின்ன இரைச்சல் கிடக்கிறது என்றார்.

தேரன்று காலை வீதி நிறைந்த சனம். சுவாமி தேரில் ஏறிவிட்டார். மணியைக் கோபுரத்தில் ஏற்றிப் புதுக் கயிறு கட்டியிருந்தார்கள். வித்துவான் தேருக்கு முன்னால் நாதஸ்வரத்தோடு நின்றார். பின்னால் ஒத்துக்காரர் நின்றார், ஒரு எட்டுத் தள்ளி. பெரிய மணி அடித்தது. எல்லாரும் கைகூப்ப, வித்துவான் மட்டும் சனத்துக்குள் என்னைத் தேடினார்.

"தம்பி, இஞ்சை வாரும்."

போனேன்.

"இப்ப கேக்கிறது மணியோ, மருந்தோ?"

"மணிதான், அண்ணை."

அவர் என் சொல்லை நம்பவில்லை. நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்து, கயிறு ஆடுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் நாதஸ்வரத்தின் சீவாளியை வாயில் வைத்தார்.

அவர் வாசித்ததைப் பற்றி எழுத எனக்கு அறிவு போதாது. தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்தபோது பாக்கியம் அக்கா என் பக்கத்தில் வந்து, "ஒரு இடத்திலையும் பிசகேல்லை. நீர் தப்பினீர்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் கோயில் தேருக்கு இந்தியாவிலிருந்து ஆள் கூப்பிடவில்லை.

பழைய மருந்து புது நோய்க்கு ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. கைகொடுக்கும் காலம் வரலாம். படித்தவர்கள் குடித்தவரையும் குடிக்காதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது உதவுகிறது, இவ்வளவு கொடுக்கலாம், இன்னாருக்குக் கொடுக்கக்கூடாது என்று சொன்னால், நானே வந்து போத்தல் கழுவித் தருவேன். அதுவரைக்கும் போத்தல் வெறுமையாக இருக்கட்டும். பிற்காலத்தில் நான் மல்லித் தண்ணீரை ஊற்றி, "இது மல்லித் தண்ணி, மருந்தில்லை" என்று சொல்லியே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள். எழுபதுகளில் கண்நோய் ஊரெல்லாம் பரவியபோது, பழைய களிம்பு ஒன்றில் ஒரே நாளில் சுகம் வந்ததாக ஒருவர் ஓடிவந்தார். "ஆருக்குச் சுகம் வந்தது? அவர் எங்கையிருந்து வந்தவர்?" என்று கேட்டேன். விசாரித்ததில், அந்த ஆளுக்குக் கண்ணில் வெங்காயத் தூள் விழுந்திருந்தது.

மாமனாரின் அந்தியேட்டி முடிந்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் தகப்பனுக்கு நான் கொடுத்தது வெறும் ஓமத் தண்ணி என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்பாவுக்கு ஒரு மணியும் கேக்கேல்லை. கேக்கேல்லை எண்டால் பாவி எண்டு நினைப்பினம் எண்டு பொய் சொன்னவர். எனக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும்."

"அப்ப ஏன் என்னை மாப்பிள்ளையாய்ப் பிடிச்சவர்?"

"வருத்தமில்லாத ஆளுக்கு மருந்து தரமாட்டன் எண்டு சொன்னீங்களாம். ஒரு மணித்தியாலம் இருந்தும் நீங்கள் அசையேல்லையாம். கடைசியிலை தந்ததும் ஓமத் தண்ணி எண்டு மணத்திலையே தெரிஞ்சுதாம். அந்த ஒரு கதைக்காகத்தான்."

அப்படியானால் மணி கேட்டது என்று அன்று கைகூப்பியவர்களில் இன்னும் எத்தனை பேர் என் மாமனாரைப் போன்றவர்களோ, எனக்குத் தெரியாது.

இதை நீங்கள் வாசித்துவிட்டு மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் இரண்டு வாய் மாறியதும் மணியைக் கோபுரத்தில் ஏற்றிவிடுகிறார்கள், என்னை வைத்தியன் ஆக்கிவிடுகிறார்கள். மணி தரையில், சாக்குக்குள் இருந்தது. குருக்களும் ஐந்தாம் நாள்தான் எழும்பினார். சொல்ல நேரம் போதாவிட்டால் என்னை விட்டுவிடுங்கள், மாமனாரையும் விட்டுவிடுங்கள். கந்தையா அண்ணை வன்னியிலிருந்து வந்தவர் என்பதை மட்டும் விடாதீர்கள்.